பின்னால் ஓசிஆர், முன்னால் மெய்ப்பு: ஒரே கணினியில் இரண்டையும் ஓட்டப் பழகியது

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து, ஓசிஆர் (படத்தில் உள்ள அச்செழுத்தை அடையாளம் காணும் நுட்பம்) மூலம் எழுத்துகளைப் பிரித்தெடுத்து, மெய்ப்பு பார்த்து மறுபதிப்புக்குத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. பதினைந்து வருடமாக டிடிபி செய்கிறேன். ஓசிஆர் வேலைக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு கணினி. இரண்டு கோரும் நான்கு திரெடும் உள்ள, அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை ஓட்டக்கூடிய பிராசசர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வேலை தொடங்கியபோது இதுதான் என்னிடம் இருந்தது.

ஓசிஆருக்கு டெஸரக்ட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஹெச்பி நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005இல் திறமூலமாக வெளியானது. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நியூரல் நெட்வொர்க் முறைக்கு மாறியதும் தமிழுக்கு நன்றாகவே கைகொடுத்தது. ஆனால் பிராசசரைப் பிழிந்து எடுத்துவிடும். துல்லியம் அதிகமான தமிழ் மாதிரியை (மாடல்) வைத்துத் தனியாக ஓட்டினால் என் கணினியில் ஒரு பக்கத்துக்கு முக்கால் நிமிடம் ஆகும். 450 பக்கப் புத்தகத்தை நான்கு பங்காகப் பிரித்து, கட்டளை அடிக்கும் கருப்பு ஜன்னல்கள் நான்கில் ஒரே நேரத்தில் ஓட்டினால், இரண்டு கோரை நான்கும் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் மெதுவாகி, மொத்தம் இரண்டே கால் மணி நேரம்.

அந்த இரண்டே கால் மணி நேரம் நான் சும்மா உட்கார முடியாது. முந்தைய புத்தகத்தின் மெய்ப்பு காத்திருக்கும். அதிலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் வேலை இரட்டிப்பு. பழைய ‘ணை’, ‘லை’, ‘னை’க்கு முன்னால் யானைத் தும்பிக்கை போல் வளைந்து நிற்கும் கொம்பை ஓசிஆர் வேறு ஏதோவாகப் படித்து வைத்திருக்கும். ‘ர’வும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும். வரிக்கு வரி கை வைக்க வேண்டியிருக்கும்.

பின்னால் ஓசிஆர் ஓடும்போது இந்தத் திருத்தும் வேலைதான் நொண்டியது. நான் தமிழ்99 விசைப்பலகை அடிப்பவள். ‘கொடை’ என்று அடிக்க முதலில் ‘க’, பிறகு ‘ஒ’. திரையில் ‘க’ மட்டும் விழுந்து அப்படியே நிற்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். பிறகு அது ‘கொ’ ஆகும், பின்னாலேயே நான் அடித்த அரை வரி மொத்தமாக வந்து கொட்டும். விழவில்லையோ என்று நினைத்து பேக்ஸ்பேஸ் தட்டியிருந்தால், அந்தத் தட்டல்களும் சேர்ந்து வந்து நல்ல எழுத்தையும் தின்றுவிட்டுப் போகும். மெய்ப்பு பார்க்கிற ஆளுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. பிழையைத் திருத்துகிறோமா, புதுப் பிழையை உண்டாக்குகிறோமா என்றே தெரியாது.

ஒரு நாள் யோசித்தேன்: ஓசிஆர் சீக்கிரம் முடிந்தால் தொல்லை சீக்கிரம் தீருமே. ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில், ஒரு நிரலின் முன்னுரிமையை மாற்ற ‘செட் பிரயாரிட்டி’ என்று ஒன்று இருப்பது தெரியும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போனேன். டெஸரக்ட் என்று நான்கு வரிகள் இருந்தன. ஒன்றின் மேல் வலது கிளிக் செய்தால் ரியல்டைம், ஹை, அபவ் நார்மல், நார்மல், பிலோ நார்மல், லோ என்று ஆறு நிலைகள். உச்சியில் இருந்த ரியல்டைமைத் தேர்ந்தெடுத்தேன். எச்சரிக்கை வந்தது, சரி என்று அழுத்தினேன். இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதுக்கு மெனு திறக்கவே தாமதமானது. நான்காவதையும் மாற்றினேன்.

மவுஸ் நின்றுவிட்டது. கடிகாரம் 11.42இல் உறைந்தது. கேப்ஸ் லாக் தட்டினால் விளக்குகூட மாறவில்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். திருத்தி வைத்திருந்த பதினெட்டுப் பக்கங்களில் கடைசியாகச் சேமித்த ஐந்துதான் மிஞ்சின.

அன்று ராத்திரி தம்பியிடம் போனில் சொன்னேன். அவன் சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான். “அக்கா, உனக்கு உடனே வேண்டியது எது? ஓசிஆரா, நீ அடிக்கிற எழுத்தா?”

“எழுத்துதான்டா.”

“அப்ப ஓசிஆரை ஏன் மேலே தூக்கின? அதைக் கீழே இறக்கியிருக்கணும்.”

அவன் சொன்ன உதாரணம் இன்றுவரை எனக்கு உதவுகிறது. ஜெராக்ஸ் கடையில் ஒருவர் 300 பக்க நோட்ஸைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். இன்னொருவர் ஆதார் அட்டையோடு வருகிறார், ஒரே ஒரு நகல். கடைக்காரர் நோட்ஸை நிறுத்தி அந்த ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுத் தொடர்கிறார். நோட்ஸ்காரருக்குப் போனது சில நொடிதான். ஆதார்காரர் 300 பக்கமும் முடியும் வரை நின்றிருந்தால் அரை மணி நேரம் போயிருக்கும். நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஆதார் நகல். பிராசசருக்கு அது கண் இமைக்கும் நேர வேலைகூட இல்லை. வரிசையில் நிற்பதால்தான் தாமதம்.

விண்டோஸ் இந்த வரிசையை எண்களால் நடத்துகிறது. 0 முதல் 31 வரை படிகள் உண்டு. லோ என்றால் 4, பிலோ நார்மல் 6, நார்மல் 8, அபவ் நார்மல் 10, ஹை 13, ரியல்டைம் 24. மேல்படியில் இருப்பது ஓடத் தயாராக இருந்தால் கீழ்ப்படி காத்திருக்கும். கீழே இருப்பது அடியோடு பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக, நான்கு வினாடிபோலக் காத்துக் கிடப்பவற்றைத் தேடிப் பிடித்துக் கொஞ்ச நேரம் 15ஆம் படிக்கு ஏற்றிவிடும் ஏற்பாடும் உள்ளே இருக்கிறது. ஆனால் 24இல் நான்கு வேலைகள் நான்கு திரெடையும் அடைத்து உட்கார்ந்திருந்தால் 15க்கு ஏறி என்ன பயன்? டாஸ்க் மேனேஜர் எப்போதும் ஹை நிலையில்தான் ஓடுகிறது. கணினி திணறும்போதும் அது திறந்துகொள்வதற்கு அது ஒரு காரணம். அன்று 13இல் இருந்த அதனாலும் 24ஐத் தாண்டி வர முடியவில்லை. ரியல்டைமில் ஒரு நிரல் தொடர்ந்து ஓடினால் மவுஸ் நிற்கலாம், டிஸ்க்கில் எழுத வேண்டியவை எழுதப்படாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை இல்லாத கணக்கில் ரியல்டைம் கேட்டால் விண்டோஸ் ஹை வரைக்கும்தான் தரும். என் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, அதனால் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டது. வீட்டிலோ கடையிலோ வேலை செய்கிற நமக்கு ரியல்டைம் தேவைப்படும் சந்தர்ப்பம் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதைத் தொடவே வேண்டாம்.

மறுநாள் அதே நான்கு வரிகளையும் பிலோ நார்மலுக்கு இறக்கினேன். அடுத்த ஜன்னலில் ‘கொடை’ என்று அடித்தேன். விரலோடு எழுத்து வந்தது. நாலைந்து வரி வேகமாக அடித்துப் பார்த்தேன், ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் அப்போதும் 100 சதவீதம்தான் காட்டியது. அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 100 சதவீதம் என்பதே கெட்ட சேதி என்று நினைத்திருந்தேன். காத்திருக்கக் கூடிய வேலை அந்த நூறை நிரப்பினால் ஒன்றும் கெட்டுப் போகாது. ஓசிஆர் முடிய முன்பைவிடப் பத்து நிமிடம் கூடுதலானது, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு கற்றுக்கொண்டவை எல்லாம் இந்த ஒரு விஷயத்தைத் தினசரிப் பழக்கத்துக்குக் கொண்டுவரும்போது முளைத்த சிக்கல்கள்.

முதல் சிக்கல்: டாஸ்க் மேனேஜரில் செய்த மாற்றம் அந்த ஓட்டத்துக்கு மட்டும்தான். நிரலை மூடித் திறந்தால் பழையபடி நார்மல். தினமும் போய் வலது கிளிக் செய்ய மறந்துவிடும். தம்பி ‘ஸ்டார்ட்’ என்ற கட்டளையைக் காட்டிக் கொடுத்தான். கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் பேட்ச் கோப்பில் அதை எழுதி, ஒரு சாய்கோடு போட்டு ‘பிலோநார்மல்’ என்று இடைவெளி விடாமல் சேர்த்து, அதற்குப் பின் நிரலின் பாதையைக் கொடுத்தால் பிறக்கும்போதே கீழ்ப்படியில் பிறக்கும். இதில் நான் அரை நாள் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பாதையில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறிக்குள் போடுவோம். ஸ்டார்ட் கட்டளை முதலில் வரும் மேற்கோளை ஜன்னலின் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். வெறும் கருப்பு ஜன்னல் ஒன்று திறக்கும், நிரல் ஓடாது. அதனால் ஸ்டார்ட்டுக்கு அடுத்து வெற்று மேற்கோள் குறி ஒரு ஜோடி போட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

இரண்டாவது, மின்வெட்டால் வந்தது. ஒரு பங்கு முழுவதையும் ஒரே ஓட்டமாக ஓட்டினால் நடுவில் கரண்ட் போகும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பக்கம் பக்கமாக ஓட்டும்படி பேட்ச் கோப்பை மாற்றினேன். இப்போது டெஸரக்ட் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிதாகப் பிறந்து ஒரு நிமிடச் சொச்சத்தில் மறைகிறது. எதைப் பிடித்து வலது கிளிக் செய்வது? அதைப் பெற்றெடுக்கும் கருப்பு ஜன்னலைத்தான். டீடெய்ல்ஸ் பகுதியில் அது சிஎம்டி என்ற பெயரில் இருக்கும். அதை பிலோ நார்மலுக்கோ லோவுக்கோ இறக்கினால், அதிலிருந்து அடுத்தடுத்துப் பிறக்கும் எல்லாமே அதே படியில் பிறக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பக்கம் மட்டும் பழைய படியிலேயே முடியும். ஆனால் சிஎம்டியை ஹைக்கு ஏற்றினால் பிள்ளைகள் ஏறாது, நார்மலில்தான் பிறக்கும். இறக்கம் பிள்ளைகளுக்கு இறங்கும், ஏற்றம் இறங்காது. விண்டோஸை வடிவமைத்தவர்கள் தெரிந்தேதான் இப்படி வைத்திருக்கிறார்கள், எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாவதில் தவறு என்னுடையது. பிலோ நார்மலின் பலனைப் பார்த்த உற்சாகத்தில், பின்னால் ஓடுவது எல்லாமே காத்திருக்கட்டும் என்று பெயர் தெரிந்த ஒவ்வொன்றையும் லோவுக்குத் தள்ளினேன். அதில் என் தமிழ்த் தட்டச்சு மென்பொருளும் ஒன்று. மூலையில் சின்னப் படமாகச் சும்மா இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் நான் தட்டும் ஒவ்வொரு விசையும் முதலில் அதனிடம் போய்த் தமிழாகி, பிறகுதான் பக்கத்துக்கு வருகிறது. ஓசிஆர் 6இல், தட்டச்சு 4இல். எழுத்துகள் மறுபடி தேங்கின. அதைவிட மோசமாக, ‘க’வுக்குப் பக்கத்தில் ‘ஒ’ சேர வேண்டிய இடத்தில் ஒரு ஆங்கில எழுத்து வந்து உட்கார்ந்தது. இப்படி இடைமறித்து மாற்றும் மென்பொருள் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதற்காகக் காத்திராமல் விசையை அப்படியே அனுப்பிவிடும். அதனால்தான் தமிழ் வரிக்கு நடுவே ஆங்கில எழுத்து. இரண்டு பக்கம் அப்படிப் போன பிறகுதான் கவனித்தேன்.

தம்பியிடம் சொன்னதும் அவன் செவ்வாய்க் கிரகத்துக் கதை ஒன்றைச் சொன்னான். 1997 ஜூலை 4ஆம் தேதி நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாளில் அதன் கணினி தானாகவே மறுபடி மறுபடி ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் சேகரிக்கும் கீழ்ப்படி வேலை ஒன்று, எல்லோருக்கும் பொதுவான ஒரு பூட்டைக் (ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் வைத்திருக்க முடிகிற உரிமையை) கையில் வைத்திருந்தது. அந்த நேரம் நடுப்படி வேலை ஒன்று வந்து அதை ஓடவிடாமல் செய்தது. பூட்டுக்காகக் காத்திருந்த மேல்படி வேலையும் சேர்ந்து நின்றது. மேல்படி வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்ட காவல் நிரல் கணினியை ரீசெட் செய்தது. பூட்டை வைத்திருப்பது எவ்வளவு கீழ்ப்படியில் இருந்தாலும், மேல்படி அதற்காகக் காத்திருக்கும்வரை மேல்படியின் முன்னுரிமையை அதற்குக் கடனாகக் கொடு என்ற அமைப்பைப் பூமியிலிருந்தே அனுப்பி இயக்கிச் சரிசெய்தார்கள். என் மேசையில் பூட்டு எதுவும் இல்லை, ஆனால் நடந்தது அதே வகைச் சிக்கல். முன்னால் இருக்கும் வேலை எந்தச் சின்ன வேலையை நம்பி நிற்கிறது என்று பார்க்காமல் கீழே தள்ளிவிட்டேன். தட்டச்சு மென்பொருளை உடனே நார்மலுக்குத் திருப்பினேன். இப்போது நான் தெரிந்து கீழே இறக்குவது கனமான, நானே தொடங்கிய வேலைகளை மட்டும்தான். விண்டோஸின் சொந்த வேலைகள், ஆடியோ, ஆன்ட்டிவைரஸ், தட்டச்சு எதிலும் கை வைப்பதில்லை.

நான்காவதைப் புரிந்துகொள்ளத்தான் அதிக நாள் ஆனது. ஒரு வாரம் எல்லாம் பிலோ நார்மலில் இருந்தும் கணினி தவழ்ந்தது. ஒரு கோப்பைத் திறக்க இருபது வினாடி. டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் பார்த்தால் பிராசசர் 40 சதவீதம்கூட இல்லை. டிஸ்க் 100, மெமரி 93. அந்தப் புத்தகத்தை வழக்கத்தைவிடக் கூடுதல் நுணுக்கத்தில் ஸ்கேன் செய்திருந்தேன், ஒவ்வொரு படமும் பெரியது. ரேம் போதாமல் கணினி டிஸ்க்கில் எழுதி எழுதி எடுத்துக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் நாம் மாற்றுவது பிராசசர் வரிசையை மட்டும்தான். டிஸ்க் வாசலில் நிற்கும் வரிசைக்கும் ரேம் பற்றாக்குறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான்கு ஜன்னலை இரண்டாகக் குறைத்தேன், அன்றைக்கு அது போதும். அடுத்த மாதம் 4 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கிப் போட்டேன். யாராவது கணினி மெதுவாக ஓடுகிறது என்று கேட்டால் இப்போது முதலில் அந்த மூன்று எண்களைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பிராசசர் நிரம்பி வழிந்தால் மட்டும் முன்னுரிமையைத் தொடலாம்.

சூடும் அப்படித்தான். மே மாத மதியத்தில் ஃபேன் அலறும். லோவுக்கு இறக்கினால் சூடு குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. வேறு போட்டி இல்லாத நேரத்தில் கீழ்ப்படி வேலையும் முழு பிராசசரையும் எடுத்துக்கொள்ளும், அப்போது சூடு எப்படிக் குறையும்? அதற்கு ‘செட் அஃபினிட்டி’ என்ற வேறு வழி உண்டு. எந்த எந்த கோரில் ஓடலாம் என்று டிக் செய்து கட்டுப்படுத்துவது. என்னைப் பொறுத்தவரை ஒரு ஜன்னலை மூடிவிடுவதே எளிது.

வேறு வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பல மென்பொருள்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 7-ஜிப்பில் பெரிய கோப்பைச் சுருக்கும்போது வரும் ஜன்னலில் ‘பேக்ரவுண்ட்’ என்ற பட்டன் இருக்கும், அழுத்தினால் போதும். வீடியோ மாற்றும் ஹேண்ட்பிரேக்கிலும், திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ்ஸிலும் அமைப்புகளுக்குள் முன்னுரிமைக்கு இடம் உண்டு. ஓபிஎஸ் மாதிரி ஒரு நொடி தவறினாலும் பதிவு கெட்டுவிடும் வேலைக்கு அபவ் நார்மல் நியாயமானதுதான். விண்டோஸ் 11இல் டாஸ்க் மேனேஜரிலேயே இலைச் சின்னத்தோடு ‘எஃபிஷியன்சி மோட்’ வந்திருக்கிறது. அது முன்னுரிமையை லோவுக்கு இறக்குவதோடு, மின்சாரத்தையும் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்கிறது. லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு நல்லது.

போன வருடம் பழைய லேப்டாப் ஒன்றில் உபுண்டு என்ற லினக்ஸ் போட்டு ஓசிஆருக்கென்றே ஒதுக்கினேன். லினக்ஸில் எண்கள் தலைகீழ். மைனஸ் 20 முதல் 19 வரை போகும், எண் ஏற ஏற முன்னுரிமை இறங்கும். சாதாரண நிரல் 0. கட்டளையின் பெயர் ‘நைஸ்’. மற்றவர்களிடம் எவ்வளவு நல்லபடியாக நடந்துகொள்கிறாய் என்பதுதான் அந்த எண். 19 என்றால் எல்லோருக்கும் வழிவிடும் பிள்ளை. மைனஸுக்குப் போக ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும், வழிவிட யாருடைய அனுமதியும் வேண்டாம். ஓடிக்கொண்டிருப்பதை மாற்ற ‘ரீநைஸ்’. டிஸ்க் வரிசைக்குத் தனியாக ‘அயோநைஸ்’ என்று ஒன்று இருக்கிறது, ஆனால் டிஸ்க் வரிசையை ஒழுங்குபடுத்தும் ஷெட்யூலர் அதை ஏற்றுக்கொள்ளும் வகையாக இருந்தால்தான் பலன். விண்டோஸில் நான் தவித்த அந்த ஒரு வாரத்துக்கு இப்படி ஒன்று கையில் இருந்திருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன்.

இதை எழுதும்போதும் பின்னால் ஓசிஆர் ஓடுகிறது. நாட்டு மருத்துவப் புத்தகம், மூலிகைப் பெயர்கள் நிறைய வருவதால் மெய்ப்பில் அதிகம் நிற்க வேண்டியிருக்கும். நான்கு ஜன்னல்கள், நான்கும் பிலோ நார்மலில், பிராசசர் 100. 212ஆம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது மணிக்கு முடியும். அதற்குள் போன புத்தகத்தின் கடைசி முப்பது பக்கத்தைத் திருத்தி முடித்துவிடுவேன்.